அறிஞ்ஞூடா டாக்டர்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜுக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே செருகி வைத்தது போன்ற மாடியில் அவருடைய கிளினிக் இருந்தது. போர்டில் காது, மூக்கு, தொண்டை என்று எழுதியிருந்தது. மூக்கோடும் தொண்டையோடும் வருகிறவர்களை, கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்களை எழுப்புகிற வேகத்தில் அனுப்பிவிடுவார். காது என்றால் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அதிலும் யாருக்கும் பிடிபடாத காதாக இருந்துவிட்டால், வெளியே காத்திருக்கும் டோக்கன்கள் எல்லாம் பக்கத்துக் கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். இரண்டு சாயாகூடக் குடிக்கலாம்.

பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம், டாக்டர் பரீட்சை எழுதியது இங்கிலீஷ். மூன்றில் எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே வார்த்தையில் வந்து நிற்பார்: ‘அறிஞ்ஞூடா’. தெரியாது என்பதைத் திருவனந்தபுரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பத்து நிமிஷம் காதுக்குள் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “எனக்கு அறிஞ்ஞூடா” என்பார். வெட்கம் எதுவும் இருக்காது. நாகர்கோவில் வண்டி போய்விட்டதா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி இருக்கும்.

நோயாளிக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். டாக்டரிடம் நான் எதிர்பார்ப்பது உண்மையை அல்ல, ஒரு பெயரை. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் எனக்குப் பாதி குணமாகிவிடும். வாயில் நுழையாத பெயராக இருந்தால் முக்கால். இவரிடம் பெயர் கேட்டுப் போனவர்கள் ஒரு கேள்விக்கு நாலு கேள்வியோடு படியிறங்கினார்கள். அப்படி இறங்கியவர்களில் யாரோ வைத்த பட்டம்தான் ‘அறிஞ்ஞூடா டாக்டர்’. அவருக்கும் அது தெரியும். ஒரு தடவை கிளினிக்குக்கு வழி தெரியாமல் போனில் திணறிய ஒருவரிடம் அவரே சொன்னார், ஜெராக்ஸ் கடையில் அறிஞ்ஞூடா டாக்டர் என்று கேளுங்கள், காட்டுவார்கள் என்று.

என் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றில் மலையாளச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கும் வேலை. எல்லையோரத்துத் தமிழர்கள்மேல் அரசாங்கத்துக்கு உள்ள அக்கறைக்கு நான்தான் அத்தாட்சி. அவற்றை யாராவது படித்தார்களா என்று நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. இடது பக்கம் மலையாளத் தாள், வலது பக்கம் வெள்ளைத் தாள். கண் நாள் முழுக்க இடமும் வலமுமாகப் போய் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் காலையில் அப்படிப் போய் வரும்போது ஒரு சத்தம் கேட்டது. மரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி, சர்க். திரும்பி வரும்போது இன்னொரு சர்க். நிறுத்தினால் நின்றது.

மின்விசிறியைச் சந்தேகப்பட்டேன். நாற்காலியைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து மேஜைக்காரரையும் சந்தேகப்பட்டேன். அவர் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிற மனிதர். மூன்றாம் நாள்தான் புரிந்தது. என் கண் அசைவது என் வலது காதில் கேட்கிறது.

இதை வாய்விட்டு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். என் மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டர் அழுக்கு என்றார். இன்னொருவர் வாயு என்றார். மூன்றாமவர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி டானிக் எழுதினார். மூன்று பேருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. இதற்கிடையில் நிலைமை முற்றியது. என் குரலே தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பேசுகிறவன் குரலாக எனக்குக் கேட்டது. நடந்தால் குதிகால் மண்டைக்குள் இடித்தது. முறுக்கு கடித்தால் லாரியிலிருந்து சல்லி இறக்குகிற மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருந்தால் முறுக்கை மறந்துவிட்டு வாழ்ந்திருப்பேன். கோட்டைப் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு மனைவி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள், காதுக்காக ஒரு வேண்டுதல். அங்கே வெடி வழிபாடு உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் பெயரை மைக்கில் சொல்லிவிட்டு, இரும்புக் குழாயில் மருந்து திணித்துத் தீ வைப்பார்கள். முதல் வெடி வெடித்ததும் கோபுரம் எழும்பிச் சாய்ந்தது. நானும் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். நிமிர்ந்தேன். இரண்டாவது வெடி. மறுபடியும் சாய்ந்தேன். மூன்றாவதற்குள் என்னைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கைகூப்பி நின்றது. அக்ரஹாரத்து மாமி ஒருத்தி முன்னால் வந்து, “இந்த வருஷத்துக்குள்ள எங்காத்துப் பொண்ணுக்கு முடியுமோன்னோ?” என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் நாலாவது வெடி வெடித்தது. என் தலை பலமாக ஆடியது. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி எங்கள் வீட்டுக்கு மைசூர்பாகு வந்தது. என் காதால் இதுவரை யாருக்காவது நல்லது நடந்திருக்கிறது என்றால் அது அவளுக்குத்தான்.

என் மைத்துனனுக்கு மைசூர்பாகு போதவில்லை. கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறவன்; எதையும் நேராகச் சொல்லிவிடுவான். “அத்தான், தப்பா எடுக்காதீங்க, இது காதில்ல, மனசாக்கும்” என்றான். மனநல டாக்டர் ஒருவரிடம் அடுத்த திங்கள்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டான். அவர் நல்ல டாக்டர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. அங்கே போய்விட்டு வந்தால் அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் வீட்டில் யாரும் நேராகக் கேட்கப்போவதில்லை என்பதுதான் பயம். அதைவிடப் பெரிய பயம், மைத்துனன் சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன என்பது. சுற்றறிக்கைகளையே பதினைந்து வருஷம் படித்த மூளை எதற்கும் துணியக்கூடியது.

அந்தத் திங்களுக்கு முந்திய செவ்வாயன்றுதான் நான் அறிஞ்ஞூடா டாக்டருடைய மாடிப்படி ஏறினேன். பக்கத்து மேஜைக்காரர் சொன்ன யோசனை. அவர்மேல் இருந்த சந்தேகத்தை அன்றோடு விலக்கிக்கொண்டேன்.

வெளியே உட்கார்ந்திருக்கும்போது, கிளினிக்கில் வேலை பார்க்கும் ஒரு சேச்சி டோக்கன்களை வரிசைப்படுத்திக்கொண்டே ஒரு கதை சொன்னார். ஒரு கண்டக்டருக்குக் காதுக்குள் டிக்கெட் பஞ்ச் பண்ணுகிற மாதிரி டக் டக் என்று சத்தம். பஸ்ஸில் இருந்து வந்த கோளாறு என்று கண்டக்டர் நினைத்தார். யாரோ செய்வினை வைத்தது என்று அவர் அம்மா நினைத்தாள். டாக்டர் ஒரு ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையை அவர் காதிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டாராம். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கும் கேட்கிறது என்று சொன்னாராம். பிறகு வெளியே இருந்த எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, முனையைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொருவர் காதாகக் கொடுத்தாராம். சேச்சியும் கேட்டாராம். காதுக்குள் இருக்கும் ஒரு குட்டித் தசை துடிக்கிறது, தேவைப்பட்டால் நூல் மாதிரி நறுக்கிவிடலாம், ஏன் துடிக்கிறது என்பது மட்டும் அறிஞ்ஞூடா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் நறுக்க வரவே இல்லை. மற்றவர்களுக்கும் கேட்டுவிட்டது, அவருக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் குழாயை நம்பித்தான் நான் உள்ளே போனேன். “தலைசுத்தல் டாக்டர்” என்று ஆரம்பித்தேன்.

“அது டாக்டர்மார் வார்த்த. உங்களுக்கு என்ன ஆச்சு, அதச் சொல்லுங்க.”

இருநூறு பக்க நோட்டு ஒன்றைத் திறந்துவைத்திருந்தார். நான் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதினார்: உப்புத்தாள், தண்ணீர்த் தொட்டி, சல்லி, மைசூர்பாகு. வெடி வெடித்தபோது கோபுரம் சாய்ந்ததா, நான் சாய்ந்தேனா என்று கேட்டார். முதலில் கோபுரம் என்றேன். எழுதினார். மொழிபெயர்க்காமல் எழுதுகிற ஒருவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு குழாய் வந்தது. ஒரு முனை என் காதில், ஒரு முனை அவர் காதில். கண்ணை இடமும் வலமும் ஆட்டச் சொன்னார். எனக்கு உள்ளே தச்சுப் பட்டறையே நடந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார்.

“எனக்குக் கேக்கல” என்றார்.

திங்கள்கிழமை என் முன்னால் வந்து நின்றது. அவர் குழாயைச் சுருட்டினார். “எனக்குக் கேக்கலங்கிறதுனால உங்களுக்குக் கேக்கலன்னு ஆகாது, கேட்டீங்களா” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனார். வெகு நேரம் வரவில்லை. டாக்டருக்கு என்னைப் பார்த்துத் தலைசுற்றிவிட்டதோ என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அட்டை கிழிந்த பழைய நோட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு பக்கத்தில் அரை வரிதான் எழுதியிருந்தது. நோட்டை என் பக்கமாகத் திருப்பினார்: ‘கண் அனங்கினால் ஒலி கேட்கிறதாம்.’ அனங்கினால் என்றால் அசைந்தால்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒரு மீன்காரப் பெண் சொன்னதாம். அப்போது இவர் புதிதாகப் படிப்பு முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். தெரியாதது என்று உலகில் ஒன்றும் இருக்கவில்லை. காதைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. மேலே எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். மனசு டாக்டருக்கு ஒரு சீட்டும் எழுதினேன். ‘கேட்கிறதாம்’. அந்த ‘ஆம்’ பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன். அந்த ‘ஆம்’ ஒரு மனுஷியை எங்கே தள்ளியிருக்கும் என்பது, திங்கள்கிழமையைக் கையில் வைத்திருந்த எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அதற்குப் பிறகு இவர் எந்த நோயாளியிடமும் ஒன்றுமில்லை என்று சொன்னதில்லையாம். திங்கள்கிழமைச் சங்கதியையும் சொல்லிவிட்டு, எனக்கு என்ன என்று கேட்டேன். “அறிஞ்ஞூடா. ஆனா திங்களாழ்ச்சக்குள்ள தேடிப் பாக்கேன்” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போன் வந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் நாலு நாள் உட்கார்ந்து ஏதோ ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து பிரதி எடுத்து வைத்திருந்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் என் வியாதி தெரிந்திருந்தது. நான் உட்கார்ந்ததும் டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். காது டாக்டர் காலைப் பார்ப்பது ஏன் என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. இரும்பில் கவை மாதிரி ஒன்றை, அதிரும்போது ஒரே ஸ்வரத்தில் முனகுமே அந்தக் கவையை, முழங்கையில் தட்டி என் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

வலது காதில் மணி அடித்தது.

காலில் வைத்தது காதில் கேட்கிறது என்றேன். மறுபடி வைத்தார். மறுபடி மணி. பிறகு தன் கணுக்காலில் வைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. என் மனைவியின் காலில் வைத்தார், ஒன்றுமில்லை. டோக்கன் சேச்சியைக் கூப்பிட்டு அவர் காலில் வைத்தார். வெளியே இருந்த மூன்று ஆண்கள் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் கால் பேசியது. டாக்டர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு வருஷத் தாம்பத்தியத்தில் நான் சொன்ன ஒன்று முதல் தடவையாக நிரூபணமாகியிருந்தது.

சமாசாரம் இதுதான். காதுக்குள்ளே நம்மைச் சாயாமல் நிறுத்துவதற்கு மூன்று வளைந்த குழல்கள் இருக்கின்றன. எனக்கு மேல் குழலின் கூரை எலும்பில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக உடம்புக்குள் நடக்கிற சத்தம் எல்லாம் காதுக்குள் நுழைகிறது. வெளியிலிருந்து வருகிற பெரிய சத்தம் குழலைத் தள்ளி ஆளைச் சாய்க்கிறது. பிற்பாடு ஸ்கேன் எடுத்தபோது மெல்லிசாக வெட்டி எடு, இன்னும் மெல்லிசாக என்று அங்கே இருந்தவனை அவர் படுத்திய பாட்டில், அவன் எனக்கு மண்டையே இல்லாமல் செய்துவிடுவானோ என்று பயந்தேன். குண்டூசித் தலை அளவில் துளை தெரிந்தது. மண்டையைத் திறந்து குழலை அடைப்பதற்கு ஒரு ஆபரேஷன் உண்டு. இங்கே யாராவது செய்திருக்கிறார்களா? அறிஞ்ஞூடா. செய்தால் சரியாகுமா? ஆகலாம், உறுதி அறிஞ்ஞூடா. செய்யாவிட்டால்? அப்படியே இருக்கலாம், அறிஞ்ஞூடா. இத்தனை அறிஞ்ஞூடாக்களைத் தாண்டி மண்டையைத் திறக்கிற தைரியம் எனக்கு இல்லை என்றேன். அதுவும் சரிதான் என்றார். வெடிச் சத்தத்துக்குக் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளவும், மூச்சைப் பிடித்துக் கனமானதைத் தூக்காமல் இருக்கவும் சொன்னார். சமையல் சிலிண்டர் அதில் சேருமா என்று மனைவிக்கு இன்றுவரை சந்தேகம்.

திங்கள்கிழமைக்காக மைத்துனனுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ‘இவர் சொல்வது உண்மை’ என்று ஒரே வரி, கீழே கையெழுத்து. அதை லாமினேட் செய்து வைத்திருக்கிறேன். ஒரு அரசாங்க மொழிபெயர்ப்பாளனுக்கு இப்படி ஒரு சான்றிதழ் எளிதில் கிடைக்காது.

கதை எனக்கு அதோடு முடிந்துவிட்டது. அவருக்கு முடியவில்லை. அந்த விழிஞ்ஞத்துப் பெண்ணைத் தேட ஆரம்பித்தார். பழைய நோட்டில் பெயரும், மாதா கோயில் பக்கம் என்பதும்தான் இருந்தன. கிளினிக்குக்கு மீன் கூடையோடு வருகிறவர்களிடம் எல்லாம் விசாரித்து, மூன்று மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய மாருதியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். நான் எதற்கு என்று கேட்டேன். நம்பவில்லை என்றால் காட்ட ஒரு கால் வேண்டாமா என்றார். வழி முழுக்கக் கவையைப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

ஐம்பதைத் தாண்டிய பெண். வீட்டு வாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். டாக்டர் தான் யார் என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“அறியும் டாக்டரே. அன்னைக்கு கறுத்த வாச்சு கெட்டியிருந்தீங்க.”

உள்ளே நாற்காலி போட்டார்கள். சீட்டோடு போய் இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டாராம். தூக்கம் தூக்கமாக வந்ததாம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க முடியவில்லை, வியாபாரம் நின்றது. வீட்டில் ஒரு சண்டை என்றால், இவள் மண்டை சரியில்லாதவள்தானே என்று முடித்தார்கள். பிறகு ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டது என்று சொன்னாராம். மாத்திரையும் நின்றது. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று காட்டுகிற மாதிரி சொன்னார்.

“நெசமாவே நின்னுச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

அந்தப் பெண் பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தார். சாயா போடச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பினார். அவள் போனதும், “கேக்குது டாக்டரே. சொல்லுகதில்ல, அவ்வளவுதான்” என்றார்.

டாக்டர் தரையில் உட்கார்ந்தார். கவையைத் தட்டி அந்தப் பெண்ணின் கணுக்காலில் வைத்தார். அவர் யோசித்துப் பார்த்தார். காலில் கிருகிருவென்று இருக்கிறது, காதில் ஒன்றுமில்லை என்றார். மறு காலில் வைத்தார். ஒன்றுமில்லை. கவையில் கோளாறோ என்று என் காலில் வைத்தார். என் காதில் மணி கணீரென்று அடித்தது. வாழ்க்கையில் அவ்வளவு கூச்சப்பட்டதில்லை. ரப்பர் குழாயை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தார். மறுபடி மூடினார். சத்தமாக ஹோ என்று அந்தப் பெண்ணின் காதருகே சொல்லி, சத்தத்துக்குக் கண் ஆடுகிறதா என்று பார்த்தார். அந்தக் கண் அசையாமல் அவரையே பார்த்தது.

எனக்கு இருந்தது அவருக்கு இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேரில் எனக்குத் துளை கிடைத்தது, சான்றிதழ் கிடைத்தது. அந்த வார்த்தையைப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே சொன்னவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டாக்டர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பொய்யாக ஒரு பெயரைச் சொல்லிவிடமாட்டாரா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். என் நோயின் பெயரையே, என் துளையையே சொல்லிவிட்டால்தான் என்ன. மருமகள் சாயா டம்ளர்களோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

“எனக்கு அறிஞ்ஞூடா” என்றார் டாக்டர், அவளுக்கும் கேட்கும்படி. “உங்களுக்கு என்னன்னு எனக்கு அறிஞ்ஞூடா. ஆனா கேக்குதுன்னா கேக்குது. மண்டைக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு.”

பையிலிருந்து நோட்டை எடுத்தார். பழைய நோட்டு. அந்த அரை வரிப் பக்கத்தைத் திறந்து, ‘ஆம்’ என்பதை அடித்தார். சத்தம் எப்படி இருக்கும், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

அந்தப் பெண் மருமகளைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்துச் சொன்னார். படகிலிருந்து வலை இழுக்கும்போது நனைந்த கயிறு வள்ளத்தின் விளிம்பில் உரசும், அது போல. காற்று மாறுகிற நாளில் கொஞ்சம் கூடுதல். டாக்டர் எழுதினார். பக்கம் நிறைந்தது. அடுத்த பக்கம் திருப்பினார்.

அவர் பேனா நிற்கிற வரைக்கும் அந்தப் பெண் காத்திருந்தார். பிறகு டம்ளரை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார்.

“அறிஞ்ஞூடான்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டாக்டரே.”

டாக்டர் சாயாவைக் கீழே வைத்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.